நவீன கவிதைத் தொகுப்பை எப்படிப் படிக்கிறீர்கள்?

கதைப்பித்தன்:
நான் அடிப்படையில் நாவல் வாசகன். எண்ணூறு பக்கம் என்றாலும் சளைக்காமல் படிப்பேன், துப்பறியும் கதையும் படிப்பேன், வரலாறும் படிப்பேன். கவிதை மட்டும் பள்ளிப் பாடத்தோடு நின்றுபோனது. நண்பர் ஒருவர் கையில் திணித்ததால் சமீபத்தில் ஒரு நவீன கவிதைத் தொகுப்பை ஒரே உட்காரலில் படித்தேன். நூறு பக்கம்கூட இல்லை. எழுதியவர் பெயரையோ புத்தகத்தின் பெயரையோ சொல்லப்போவதில்லை, ஏனென்றால் என் சிக்கல் அந்த ஒரு புத்தகத்தோடு நிற்பதாகத் தெரியவில்லை.

முதலில் அணிந்துரை. மூத்த கவிஞர் ஒருவர் எழுதியது. இருத்தல், வெளி, மௌனம், மொழியின் விளிம்பு என்று பெரிய பெரிய சொற்களாக வந்துகொண்டே இருந்தன. உள்ளே இருந்த கவிதைகளைவிட அதுதான் கடினம், நிஜமாகவே. அதைத் தாண்டி உள்ளே போனால் முதல் பத்துப் பதினைந்து கவிதைகள் நன்றாகத்தான் இருந்தன. அதற்கப்புறம் கண் வரிகளின் மேல் வழுக்கிக்கொண்டு போனது. ஒரு கவிதையில் வந்த மழை எது, அடுத்ததில் வந்த மழை எது என்றே தெரியவில்லை. பக்கத்துக்குப் பக்கம் ஒரு ‘நீ’ வருகிறது, அந்த நீ காதலியா, செத்துப்போன அப்பாவா, கடவுளா, வாசகனாகிய நானா, எதற்கும் துப்பு இல்லை. ஓரிடத்தில் கவிதை முடிந்துவிட்டது என்பதே தெரியாமல் பக்கத்தைப் புரட்டி அடுத்த கவிதையை அதன் தொடர்ச்சியாகப் படித்துக்கொண்டிருந்தேன். இறந்தவரின் எண்ணைக் கைபேசியிலிருந்து அழிக்க முடியவில்லை என்று ஒரு கவிதை. இதே பொருளில் வேறு இடங்களிலும் படித்த நினைவு, சரி, அது போகட்டும்.

ஆனால் இரண்டு கவிதைகள் இன்னும் மண்டைக்குள் இருக்கின்றன. ஒன்று, வீட்டைக் காலி செய்த பிறகு சுவரில் மிஞ்சிய ஆணிகளைப் பற்றி. எந்த ஆணியில் எது தொங்கியது என்று வீட்டில் இருந்தவர்களுக்கு மட்டும்தான் தெரியும். இன்னொன்று தேர்வறை மேற்பார்வையாளரைப் பற்றி. மூன்று மணி நேரம் அவர் பேசக்கூடாது, படிக்கக்கூடாது, மாணவர்களின் கால்களைப் பார்த்துக்கொண்டே நடக்கிறார். யார் செருப்பைக் கழற்றிவிட்டிருக்கிறார், யார் காலை ஆட்டுகிறார் என்று. கடைசியில் கூடுதல் தாள் கேட்டு ஒரு கை உயர்கிறது, அவ்வளவுதான், கவிதை முடிந்துவிடுகிறது.

அறுபது கவிதையில் இரண்டு. இது சாதாரணமா, இல்லை நான் படித்த விதத்தில் ஏதாவது இருக்கிறதா? கவிதை வழக்கமாகப் படிப்பவர்கள் எப்படிப் படிக்கிறீர்கள் என்று சொல்லுங்கள்.

செங்காந்தள்:
ஒரே உட்காரலில் அறுபது கவிதையா! நானாக இருந்தால் இருபதாவதிலேயே புத்தகத்தை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு தூங்கியிருப்பேன். நாவலில் முந்தைய பக்கம் அடுத்த பக்கத்தைத் தூக்கிக் கொடுக்கும். யார் யாருக்கு என்ன உறவு, எங்கே நடக்கிறது, மணி என்ன, எல்லாம் ஏற்கெனவே நமக்குள் இருக்கும். தொகுப்பில் ஒவ்வொரு பக்கத்திலும் அதெல்லாம் அழிந்து மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குகிறது. அந்த உழைப்பை அறுபது தடவை செய்தால் யாருக்கும் அலுக்கும்.

நான் ஒரு சமயம் மூன்று நான்குக்கு மேல் படிப்பதில்லை. பிடித்தது ஏதாவது இருந்தால் வாய்விட்டு ஒருமுறை. வாய்விட்டுப் படிக்கும்போதுதான் வரியை எங்கே முறித்திருக்கிறார், ஏன் முறித்திருக்கிறார் என்று தெரியும். சும்மா முறித்திருந்தால் அதுவும் உடனே தெரிந்துவிடும்.

யாப்புநேசன்:
கவிதை முடிந்ததே தெரியவில்லை என்று கதைப்பித்தன் எழுதியிருக்கிறாரே, என்னைப் பொறுத்தவரை மொத்த விவகாரமும் அதில் அடங்கிவிட்டது. வெண்பா எப்படி முடியும் என்று யோசித்துப் பாருங்கள். மற்ற அடியெல்லாம் நாலு சீர், கடைசி அடி மட்டும் மூன்று சீர், அந்த மூன்றாவதும் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கு வாய்பாட்டில் ஒன்றாகத்தான் நிற்க வேண்டும். இலக்கணமே தெரியாதவனுக்கும் காதில் கதவு சாத்தின சத்தம் கேட்கும். எதுகை, அடி எங்கே தொடங்குகிறது என்று சொல்லிவிடும், மோனை சீர்களைக் கோத்துவிடும். மனப்பாடம் செய்ய வேண்டியதே இல்லை, தானாக ஒட்டிக்கொள்ளும். இதையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு, ‘ஏன் எதுவும் நினைவில் நிற்கவில்லை’ என்று வாசகனைக் கேட்டால் அவன் என்ன செய்வான்? என்டர் பொத்தானைத் தட்டத் தெரிந்தவரெல்லாம் கவிஞர் என்று சும்மாவா சொல்கிறார்கள்.

பழையஇதழ்:
யாப்புநேசன் ஐயா, இந்த வழக்கு தொண்ணூறு வருடமாக நடக்கிறது, நீங்கள் நல்ல வக்கீல், ஆனால் வாதம் பழசு. யாப்பை விட்டு எழுதிய முன்னோடி ந. பிச்சமூர்த்தியின் ‘காதல்’ கவிதை மணிக்கொடி இதழில் 1934இல் வந்தது. அதற்கு முன்பே பாரதி வசன கவிதை எழுதிப் பார்த்துவிட்டார். 1959இல் சி.சு. செல்லப்பா ‘எழுத்து’ இதழைத் தொடங்கினார், 1962இல் 24 பேருடைய 63 கவிதைகளைச் சேர்த்து ‘புதுக்குரல்கள்’ என்று வெளியிட்டார். அப்போதும் இதே கேள்விதான், இது கவிதையா, உடைத்துப்போட்ட உரைநடையா என்று.

இன்னொன்று, ‘நவீன கவிதை’ என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டினால் வாசகருக்குத்தான் நஷ்டம். 1971இல் கோவையில் தொடங்கிய வானம்பாடி இயக்கத்தாரும் யாப்பை விட்டவர்கள்தான், ஆனால் அவர்கள் கூட்டத்தைப் பார்த்துப் பேசினார்கள், அரங்கில் வாசித்தால் கைதட்டல் விழும். ‘எழுத்து’ பக்கத்திலிருந்து வந்தவர்கள் பெரும்பாலும் தனக்குத்தானே பேசிக்கொண்டவர்கள், பக்கத்தில் நின்று ஒட்டுக்கேட்டால்தான் உண்டு. ஞானக்கூத்தன் போன்றவர்கள் பழைய சந்தத்தையே எடுத்துக் கேலிக்குப் பயன்படுத்தினார்கள். நீங்கள் படித்தது இதில் எந்த ரகம் என்று தெரிந்தால் அடுத்தது எதை எடுப்பது என்று சொல்லலாம். ஒருவேளை உங்களுக்கு ஒட்டுக்கேட்கிற ரகம் பிடிக்காமல் இருக்கலாம், அதில் தப்பே இல்லை.

கதைப்பித்தன்:
ஒட்டுக்கேட்கிற ரகம்தான், சந்தேகமில்லை. நடுவே நான்கு பக்கத்துக்கு நீண்ட ஒரு கவிதை, கிரேக்கக் கடவுள்களின் பெயராக வந்தது, அங்கே கதவே சாத்தியிருந்தது.

நடுநிசி:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். கவிதைக்குப் பயிற்சி வேண்டும். இசைக்கு வேண்டாமா? ஒரு தொகுப்பைப் புரட்டிவிட்டு ‘புரியவில்லை’ என்பது கவிதையைப் பற்றிய தகவல் அல்ல, படித்தவரைப் பற்றிய தகவல். நாவல் வாசகர்கள் எல்லாவற்றையும் கதையாகக் கேட்கிறார்கள், கிடைக்காவிட்டால் கோபப்படுகிறார்கள். நல்ல கவிதை தன்னை விளக்கிக்கொள்ளக் கடமைப்பட்டதில்லை.

கதைப்பித்தன்:
நான் கோபப்படவில்லையே, கேள்விதான் கேட்டேன். பயிற்சி வேண்டும் என்பது சரி. ஆனால் அந்த ஆணிக் கவிதைக்கு எனக்கு எந்தப் பயிற்சியும் தேவைப்படவில்லை, அதுவும் அதே கவிஞர் எழுதியது, அதே புத்தகத்தில் இருப்பது. ஒரே வாசகன், ஒரே நாள். அப்படியானால் வேறுபாடு எங்கே இருக்கிறது? எல்லாப் பழியையும் வாசகன் தலையில் போட்டால், சுமாரான கவிதை என்று ஒன்று உலகத்திலேயே இல்லை என்றாகிவிடும்.

சும்மாபடிப்பவள்:
இதற்கு நான் ஒரு மட்டமான சோதனை வைத்திருக்கிறேன், கவிஞர்கள் திட்டுவார்கள். கவிதையின் வரிகளையெல்லாம் சேர்த்து ஒரே பத்தியாக எழுதிப் பார்ப்பேன். எதுவும் குறையவில்லை என்றால் அது பத்தியாகவே இருந்திருக்கலாம். ஏதோ செத்துப்போனது என்றால் முறிவுக்கு ஒரு காரணம் இருந்திருக்கிறது.

நானே ஒரு உதாரணம் கட்டுகிறேன், கவிதை என்று நினைத்துவிடாதீர்கள்.

கதவைத் திறந்தவள்
நீ

அடுத்த வரியில் ‘இல்லை’.

தமிழில் மறுப்பு கடைசியில்தான் வரும். வரும், வராது, உண்டு, இல்லை, எல்லாம் வாக்கியத்தின் வாலில் இருக்கிறது. அதனால் வாலுக்கு முன்னால் வரியை வெட்டினால் வாசகர் ஒரு கணம் நம்பிவிடுகிறார், அப்புறம் தரை நழுவுகிறது. ஒரே வாக்கியமாக ‘கதவைத் திறந்தவள் நீ இல்லை’ என்று எழுதினால் அது வெறும் தகவல். இதைச் செய்யத் தெரிந்தவர் எங்கே வெட்டினாலும் எனக்குச் சம்மதம். தொகுப்புகளில் பாதிக்கு மேல் அப்படி இல்லை என்பதும் என் அனுபவம். மூச்சு வாங்கின இடத்திலெல்லாம் வெட்டியிருப்பார்கள்.

யாப்புநேசன்:
அம்மா, இது நல்ல சோதனை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வெண்பாவைச் சேர்த்து எழுதினாலும் அது வெண்பாவாகவே இருக்கும் என்பதையும் கவனியுங்கள்.

பழையஇதழ்:
அது உண்மைதான். ஓலைச்சுவடியில் எழுதியதே அப்படித்தானே. வரி வரியாக உடைக்காமல், பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளிகூட வைக்காமல், ஓலையின் ஓரம் வரைக்கும் ஓடவிட்டிருப்பார்கள். எங்கே அடி முடிகிறது என்று எதுகையையும், சீரும் சீரும் இணையும் தளையையும் வைத்துப் படிப்பவரே பிரித்துக்கொள்ள வேண்டும். அச்சுக்கு வந்த பிறகுதான் அடிகள் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றன. புதுக்கவிதைக்கு அந்தக் காகிதத்தின் வெள்ளை இடம்தான் யாப்பு. இரண்டும் வேறு வேறு கருவி. ஒன்று காதுக்கு, ஒன்று கண்ணுக்கு. அதனால்தான் நினைவில் நிற்கும் விதமும் வேறாக இருக்கிறது. கதைப்பித்தனுக்கு அந்த இரண்டு கவிதையின் சொற்கள் நினைவில் இருக்காது என்று நினைக்கிறேன், ஆணியும் செருப்பும்தான் இருக்கும்.

கதைப்பித்தன்:
சரியாகச் சொன்னீர்கள். ஒரு வரிகூட அப்படியே சொல்ல வராது.

தும்பி:
அந்த ‘நீ’ யார் என்ற கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. இது நவீன கவிஞர் கண்டுபிடித்த தொல்லை இல்லை. சங்க காலத்துக் காதல் பாட்டான அகப்பாட்டில் தலைவன், தலைவி யாரையும் பெயர் சுட்டிச் சொல்லக் கூடாது என்பது தொல்காப்பியமே வகுத்த விதி. குறுந்தொகையைத் திறந்தால் காதலர் யார் பெயரும் கிடையாது, ஒரு பெண் தோழியிடம் பேசுகிறாள், அவ்வளவுதான். அவள் யார், எந்த வருடம் என்று எதுவும் இல்லை.

ஆனால் அங்கே வாசகருக்கு ஒரு கைப்பிடி உண்டு. ஒவ்வொரு பாட்டோடும் கூற்று என்று ஒரு குறிப்பு வரும். பிரிவிடை ஆற்றாத தலைவி தோழிக்குச் சொன்னது, வரைவு கடாயது (சீக்கிரம் மணம் செய்துகொள் என்று தூண்டியது) என்கிற மாதிரி. அதைப் பாட்டு எழுதியவரே எழுதியதாக யாரும் சொல்வதில்லை, பின்னால் தொகுத்தவர்களும் படித்தவர்களும் சேர்த்தது என்பார்கள். அதாவது அந்தக் காலத்து வாசகருக்கே யார் யாரிடம் பேசுகிறார் என்று யாராவது சொல்ல வேண்டியிருந்தது! அப்புறம் திணை இருக்கிறது, ஒவ்வொரு நிலத்துக்கும் ஓர் உணர்வு என்ற ஏற்பாடு. நெய்தல் நிலம் என்று தெரிந்த உடனே இரங்கல் என்று பாதி வேலை முடிந்துவிடும். நம் உ.வே.சா. 1937இல் குறுந்தொகையை உரையோடு பதிப்பித்தார், அந்த உரை இல்லாமல் நம்மில் எத்தனை பேர் நாலு வரியைத் தாண்டியிருப்போம்? நவீன கவிஞர் கூற்றும் தருவதில்லை, திணையும் தருவதில்லை, உரைக்குப் பதிலாக அணிந்துரை தருகிறார். அது உங்களுக்கு எப்படி உதவியது என்று நீங்களே எழுதிவிட்டீர்கள்.

நான் செய்வது என்னவென்றால் பிடிபடாத கவிதைக்கு நானே பென்சிலால் ஒரு கூற்று எழுதிவிடுவேன். ‘மகன் வெளிநாடு போன பிறகு அப்பா நாற்காலியிடம் சொன்னது’ என்று. தப்பாகவே இருக்கட்டும். அதை வைத்துப் படித்தால் கவிதை ஒன்று திறக்கும், இல்லை ‘நான் அது இல்லை’ என்று முறைக்கும். இரண்டும் லாபம்.

நடுநிசி:
கவிதைக்கு ஒரே அர்த்தத்தை மாட்டிவிடுவது அதைக் கொல்வதற்குச் சமம். மன்னிக்கவும், பென்சில் விஷயத்தில் உடன்பாடில்லை.

தும்பி:
பென்சிலை அழிக்கலாம் நண்பரே, அதனால்தான் பென்சில்.

கதைப்பித்தன்:
எல்லோருக்கும் நன்றி. புத்தகத்தை மறுபடி எடுத்தேன். இந்தத் தடவை முதலிலிருந்து போகாமல் பொருளடக்கத்தில் கண்ணை மூடி விரலை வைத்து ஒன்றிரண்டாகப் படித்தேன். தும்பி சொன்ன கூற்று வேலை சில கவிதைகளில் நன்றாகவே நடந்தது. மழைக் கவிதைகளில் ஒன்று மருத்துவமனை வராந்தாவில் நின்று பார்க்கிற மழை என்று வைத்துக்கொண்டால் ஒவ்வொரு வரியும் பொருந்துகிறது. கவிதையில் மருத்துவமனை என்ற சொல்லே இல்லை, ஆனால் ‘இன்னும் உள்ளே விடவில்லை’ என்கிற மாதிரி ஓர் இடம் இருக்கிறது. கிரேக்கக் கவிதை இப்போதும் கிரேக்கம்தான், அதை விட்டுவிட்டேன்.

ஒன்று தோன்றியது, சரியா என்று சொல்லுங்கள். புத்தகத்தின் கடைசியில் எந்தெந்தச் சிற்றிதழில் எது வெளியானது என்று ஒரு நன்றிப் பட்டியல் இருந்தது. அதைப் பார்த்தால் இந்தக் கவிதைகள் பல வருடங்களாக ஒவ்வொன்றாக வந்திருக்கின்றன. இதழில் வரும்போது ஒரு கதைக்கும் கட்டுரைக்கும் நடுவே தனியாக நின்றிருக்கும், படித்தவர் அதை மட்டும் படித்துவிட்டு நகர்ந்திருப்பார். இப்போது அறுபதையும் வரிசையாக அடுக்கி என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். இறந்தவரின் எண் கவிதையைத் தனியாக ஏதாவது இதழில் பார்த்திருந்தால் எனக்குப் பிடித்திருக்கலாம். இங்கே அதற்கு முன்னால் மூன்று சாவு, பின்னால் இரண்டு சாவு. என் குறையெல்லாம் கவிதைகள் மேல் என்பதைவிட தொகுத்தவர் மேல்தான் என்று இப்போது படுகிறது. மூன்றில் ஒரு பங்கை எடுத்துவிட்டு மீதியை வேறு மாதிரி வரிசைப்படுத்தியிருந்தால் இது வேறு புத்தகம்.

பழையஇதழ்:
நீங்கள் சொன்னது முக்கியமானது, இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. தொகுப்பது தனி வேலை. அகநானூற்றைப் பாருங்கள், 400 பாட்டு. ஒற்றைப்படை எண்ணெல்லாம் பாலை. இரண்டிலும் எட்டிலும் முடிவது குறிஞ்சி, நாலில் முடிவது முல்லை, ஆறில் முடிவது மருதம், பத்து, இருபது என்று வருவது நெய்தல். எண்ணைச் சொன்னால் திணையைச் சொல்லிவிடலாம். பாதிப் பாட்டு பாலையாக இருந்தும், பாலைக்கு அடுத்தாற்போல் பாலை வராது, ஒன்றுவிட்டு ஒன்று நிலம் மாறிக்கொண்டே இருக்கும். ஐங்குறுநூறு இன்னும் தெளிவு, 500 சின்னப் பாட்டு, ஐந்து திணைக்கு ஐந்து பேர், நூறு நூறாக, அதையும் பத்துப் பத்தாகப் பிரித்து ஒவ்வொரு பத்துக்கும் பெயர் வைத்திருக்கிறார்கள். பத்துப் பாட்டில் ஓர் உட்காரல் முடிந்துவிடும்.

இன்றைக்குப் பல தொகுப்புகளில் கவிஞரே எழுதிய வரிசையில் அடுக்கி அனுப்பிவிடுகிறார், பதிப்பகத்தில் எழுத்துப்பிழை பார்ப்பார்கள், இதைப் பார்க்க ஆள் இருப்பதில்லை. எதையும் விட மனசும் வருவதில்லை. அமெரிக்கக் கவிஞர் வால்ட் விட்மன் தன் ‘புல்லின் இதழ்கள்’ (Leaves of Grass) தொகுப்பை 1855இல் முதல் பதிப்பாகப் போட்டபோது உள்ளே 12 கவிதைதான். அதற்கப்புறம் சாகும்வரை சேர்த்துக்கொண்டே போய் முந்நூற்றுக்கும் மேலாக ஆக்கினார். இன்றும் அந்தப் பன்னிரண்டைத் தேடிப் படிக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

செங்காந்தள்:
அதனால்தான் அறுபதில் இரண்டு என்பதைக் கேட்டு எனக்கு ஆச்சரியம் வரவில்லை. இப்போது மழையும் சேர்ந்து மூன்று. எனக்கு மிகப் பிடித்த தொகுப்பிலேயே ஏழெட்டுக்கு மேல் தேறாது.

யாப்புநேசன்:
எனக்கு அந்தத் தேர்வறைக் கவிதை மட்டும் உறுத்துகிறது. கை உயர்கிறது, முடிந்தது என்றால் என்ன அர்த்தம்?

கதைப்பித்தன்:
மூன்று மணி நேரம் அந்த அறையில் அவர் ஒரு மேசை மாதிரிதான். யாரும் அவரை நிமிர்ந்து பார்ப்பதில்லை. அந்தக் கை உயரும்போதுதான் ஒருவருக்கு அவர் தேவைப்படுகிறார். நான் அப்படி எடுத்துக்கொண்டேன். கவிதையில் அப்படி எழுதியிருக்கவில்லை.

சும்மாபடிப்பவள்:
நான் பல வருடம் மேற்பார்வை பார்த்தவள். கை உயர்ந்தால் மனசு குளிராது, எரிச்சல்தான் வரும். தாளைக் கொண்டுபோய்க் கொடுத்து, பதிவெண் சரியா என்று பார்த்து, கையெழுத்துப் போட்டு, கணக்கில் ஏற்ற வேண்டும், அதற்குள் பின்வரிசையில் இன்னொரு கை. அந்தக் கவிஞர் ஒரு நாளும் மேற்பார்வை பார்த்திருக்க மாட்டார். கால்களைப் பார்ப்பது மட்டும் நூற்றுக்கு நூறு உண்மை, அதை எப்படிப் பிடித்தார் என்று தெரியவில்லை.

கதைப்பித்தன்:
தேர்வு எழுதும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருப்பாரோ? செருப்பைக் கழற்றிவிட்டவர் அவராகவே இருக்கலாம்.

சும்மாபடிப்பவள்:
அப்படியானால் அந்தக் கை அவருடையது. சரி, நீங்கள் அந்தத் தொகுப்பின் பெயரை எனக்குத் தனியாக அனுப்புங்கள், படித்துப் பார்க்கிறேன்.